தோல் சட்டென்று சிவந்துவிடும் எனக்கு எந்த வகை செக்ஸ் டாய் ஒத்துக்கொள்ளும்?

கோவைக்குளிர்:

வணக்கம். நேரில் யாரிடமும் கேட்க முடியாத விஷயம், அதனால் இங்கே கேட்கிறேன். வயது 34, கல்யாணமானவள். சின்ன வயதிலிருந்தே கரப்பான் (எக்ஸிமா) உண்டு, முழங்கை மடிப்பு, கழுத்து, குளிர் வந்தால் விரல் இடுக்கு. கவரிங் கம்மல் போட்டால் அன்று சாயங்காலமே காது நீர் வடியும். பேட் பிராண்டு மாற்றினால் தொடை ஓரம் தடித்துவிடும். அப்படிப்பட்ட தோல்.

கொஞ்ச நாளைக்கு முன் நானும் கணவரும் பேசி முடிவு செய்து ஒரு வைப்ரேட்டர் ஆன்லைனில் வாங்கினோம். விளம்பரத்தில் 'சாஃப்ட் சிலிகான்' என்று போட்டிருந்தது. வந்த பொருள் ரோஸ் நிறம், வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே இருப்பது மங்கலாகத் தெரியும், தொட்டால் லேசான பிசுபிசுப்பு, பெட்டியைத் திறந்ததுமே புது மழைக்கோட்டு வாசனை. கூடவே ஸ்ட்ராபெரி வாசனை ஜெல் ஒரு குட்டி பாட்டில் இலவசம். உபயோகிக்கும்போதே லேசாகக் காந்தியது, மறுநாள் வெளிப்பக்கம் முழுக்கச் சிவந்து, சிறுநீர் பட்டால் சுரீரென்று எரிந்தது. அடங்கின பிறகு இன்னொரு முறை பார்த்தோம், அதே கதைதான்.

இதையும் சொல்லிவிடுகிறேன், தேவைப்படலாம். பொருளைக் கழுவுவது கிருமிநாசினி கலந்த தண்ணீரில். எனக்கு இன்டிமேட் வாஷ், அப்புறம் வெட் வைப்ஸ்.

எந்த மெட்டீரியல் வாங்குவது? எவ்வளவுக்கு எவ்வளவு மெத்தென்று இருக்கிறதோ அவ்வளவு தோலுக்கு நல்லது என்று கணவர் சொல்கிறார். கண்ணாடி, ஸ்டீல் எல்லாம் இருக்கிறதாமே, கேட்கவே பயமாக இருக்கிறது. டாக்டரிடம் போக வேண்டுமென்றால் என்ன சொல்லித் தொடங்குவது?

ஒருவழிப்பாதை:

இதெல்லாம் நம் குடும்பங்களுக்குத் தேவையா சகோதரி. அரிப்பு என்றால் வேப்பிலைத் தண்ணீரில் கழுவுங்கள், சரியாகிவிடும்.

மாடித்தோட்டம்:

ஒருவழிப்பாதை தம்பி, கேட்ட கேள்விக்குப் பதில் தெரிந்தால் சொல்லுங்கள், இல்லையென்றால் அடுத்த பதிவுக்கு நகருங்கள். புருஷன் பெண்டாட்டி பேசி எடுத்த முடிவுக்கு உங்கள் அனுமதியை அந்தப் பெண் கேட்கவில்லை. வேப்பிலைக் கஷாயமும் வேண்டாம், புண்ணான இடத்தில் அது இன்னும் காந்தும்.

கண்ணு, நான் அப்புறம் வந்து விரிவாக எழுதுகிறேன், பேத்தி தூங்கட்டும்.

வடக்குவீதி:

தங்கச்சி, மணம், பிசுபிசுப்பு, உள்ளே தெரிகிற மங்கல், இந்த மூன்றும் ஒரே பொருளில் இருந்தால் அது சிலிகான் இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள், பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் சரி. நல்ல சிலிகானுக்கு மணமே இருக்காது. தூசியும் முடியும் அதில் வந்து ஒட்டும், ஆனால் விரலில் பிசுக்கு ஏறாது.

உங்களிடம் இருப்பது அநேகமாக 'ஜெல்லி' என்று விற்கப்படுகிற பிவிசி. பிவிசி இயல்பில் கட்டியான பொருள், வீட்டில் தண்ணீர் வருகிற வெள்ளைக் குழாயும் அதுதான். அதை மெத்தென்று ஆக்குவதற்குத் தாலேட் மாதிரியான எண்ணெய்ப்பசை உள்ள வேதிப்பொருட்களைக் கலக்கிறார்கள். அவை பிளாஸ்டிக்குடன் பிணைந்து நிற்பதில்லை, நாள் போகப் போக வெளியே கசிந்துகொண்டே இருக்கும். நீங்கள் தொட்டுப் பார்த்த பிசுபிசுப்பு பெரும்பாலும் அந்தக் கசிவுதான். ஆகவே உங்கள் கணவரிடம் சொல்லுங்கள், மெத்தென்று இருப்பது கைக்குத்தான் இதம், தோலுக்கு அது ஒரு உத்தரவாதமும் இல்லை. சந்தையில் ஆக மெத்தென்று இருக்கிற பொருட்கள்தான் பெரும்பாலும் ஆக மோசமானவை.

நான் இருப்பது டென்மார்க்கில். இங்கே சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை செக்ஸ் டாய்களைக் கடைகளில் வாங்கி, அவற்றில் என்னென்ன வேதிப்பொருள் இருக்கிறது என்று சோதித்து 2006இல் அறிக்கை போட்டது. மெத்தென்ற வினைல் (பிவிசி) பொருட்களில் தாலேட் இருந்தது. வேடிக்கை என்னவென்றால், குழந்தைகள் விளையாடுகிற பொம்மையில் குறிப்பிட்ட சில தாலேட்டுகள் 0.1 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியத்தில் அப்போதே சட்டம் இருந்தது, ஆனால் பெரியவர்கள் உடம்புக்குள்ளே வைக்கிற பொருளுக்கு அது பொருந்தவில்லை! தோலிலும் சளிச்சவ்விலும் படுகிற மற்றப் பொருட்களுக்கும் நான்கு தாலேட்டுகளில் அந்த வரம்பு வந்தது 2020 ஜூலையில்தான். இந்தப் பொருட்களுக்கென்றே ஐஎஸ்ஓ 3533 என்று ஒரு சர்வதேசத் தரம் வந்தது அதற்கும் பிறகு, 2021இல். அதைப் பின்பற்ற வேண்டும் என்று கட்டாயமில்லை. சில பெட்டிகளில் சின்ன எழுத்தில் 'வேடிக்கைப் பொருள் மட்டுமே' என்ற அர்த்தத்தில் 'நாவல்டி' என்று போட்டிருப்பார்கள். உடம்பில் பாவிப்பதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்று கைகழுவுகிற வேலை அது. அதைக் கண்டால் வைத்துவிட்டு வாருங்கள்.

அடுத்தது டிபிஇ, டிபிஆர் என்கிற ரப்பர் மாதிரியான பிளாஸ்டிக்குகள். தாலேட் இல்லை என்று பெருமையாக விற்பார்கள். இல்லாமல் இருக்கலாம், ஆனால் இவற்றின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. ஈரமும் கிருமியும் அதற்குள் போய் இருந்துவிடும், எவ்வளவு கழுவினாலும் முழுதாகப் போகாது, கொதிக்கவும் வைக்க முடியாது, உருக்குலைந்து போகும். உங்கள் தோலுக்கு இது வேண்டாம். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் மேலே ஆணுறை போட்டுப் பாவிக்கலாம்.

மிஞ்சுவது நாலு. சிலிகான், ஏபிஎஸ் என்கிற கட்டிப் பிளாஸ்டிக், போரோசிலிகேட் கண்ணாடி, ஸ்டீல். நாலுக்கும் நுண்துளை இல்லை, நாலுக்கும் மணம் இல்லை. சிலிகானில் 'பிளாட்டினம் க்யூர்டு' என்று போட்டிருந்தால் நல்லது, தயாரிக்கும்போது பாவித்த வினையூக்கி அது, தேவையில்லாத எச்சம் குறைவு. கண்ணாடிக்கு நீங்கள் பயப்படுகிறீர்கள், எல்லாரும் முதலில் பயப்படுவார்கள். பரிசோதனைக்கூடக் குடுவைகள் செய்கிற அதே கண்ணாடிதான், தடிமனாக வார்த்திருப்பார்கள், லேசில் உடையாது. ஒவ்வொரு முறையும் பஞ்சு ஒன்றை மேலே இழுத்துப் பாருங்கள், எங்காவது நூல் சிக்கினால் அங்கே கீறலோ சில்லோ இருக்கிறது, எறிந்துவிடுங்கள். எரிச்சல் என்று பார்த்தால் ஒவ்வாமை கொடுப்பதற்கு அந்தக் கண்ணாடியில் ஒன்றுமே இல்லை.

ஸ்டீல் உங்களுக்கு வேண்டாம் என்பேன். கவரிங் தோடு போட்டால் காது நீர் வடிகிறது என்றீர்களே, அது அநேகமாக நிக்கல். நல்ல ஸ்டீல் என்கிற 316எல்லிலும் பத்து சதவீதத்துக்கு மேல் நிக்கல் உண்டு. வெளியே கசிவது மிக மிகக் குறைவு, பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் செய்யாது, ஆனால் கண்ணாடியும் சிலிகானும் இருக்கும்போது எதற்கு வம்பு. மேலே தங்கநிறம் வெள்ளிநிறம் பூசிய வளையம், அலங்காரம் வைத்த மொடல்களையும் தவிருங்கள். சார்ஜ் ஏற்றுகிற காந்த முனை வெளியே தெரிகிற மாதிரி இருந்தால் அது எந்தப் பக்கம் படும் என்று பாருங்கள்.

கொங்குத்தேன்:

எதற்கு இவ்வளவு குழப்பம், சுத்தமான செக்கு தேங்காய் எண்ணெய் தடவினால் போதும். எந்த கெமிக்கலும் இல்லை. இல்லையென்றால் வீட்டுக் கற்றாழை, மடலை வெட்டி உள்ளே இருப்பதை எடுத்துத் தடவுங்கள். நாங்கள் அப்படித்தான்.

மருந்துக்கடை:

கொங்குத்தேன் சொல்வதில் பாதி சரி. தேங்காய் எண்ணெய் பல பேருக்கு ஒத்துக்கொள்கிறது, சிலிகானையும் கண்ணாடியையும் அது ஒன்றும் செய்யாது. ஆனால் லேடெக்ஸ் ஆணுறையோடு எந்த எண்ணெயும் சேரக்கூடாது, கொஞ்ச நேரத்திலேயே ரப்பர் பலவீனமாகிக் கிழியும். குழந்தை வேண்டாம் என்று ஆணுறையை நம்பியிருப்பவர்கள் இதை மறந்துவிடாதீர்கள். எண்ணெய் சீக்கிரம் கழுவிப் போகாது என்பதும் உண்டு, அடிக்கடி பூஞ்சைத் தொற்று வருபவர்கள் பார்த்துச் செய்யுங்கள்.

கற்றாழை மட்டும் வேண்டவே வேண்டாம். மடலை வெட்டியதும் தோலுக்கு அடியிலிருந்து மஞ்சளாக ஒரு பால் வடியும் பாருங்கள், அது எரிச்சல் கொடுக்கக்கூடியது. முழுக்க வடித்து அலசினேன் என்று எல்லோரும் சொல்வார்கள், அந்த இடத்தில் போய் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

இன்னொன்று, கடையில் நிற்பவன் என்ற முறையில். "அங்கே அரிப்பு, ஏதாவது ஆயின்ட்மெண்ட் கொடுங்க" என்று தினமும் கேட்கிறார்கள். பல கடைகளில் உடனே எடுத்து நீட்டுவது ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் எல்லாம் கலந்த ட்யூப். தடவியதும் சுகமாக இருக்கும். அந்த ஸ்டீராய்டு பெரும்பாலும் வீரியம் கூடியது, மெல்லிய தோலில் தொடர்ந்து பூசினால் தோல் இன்னும் மெலிந்து, நிறுத்தியதும் முன்னைவிட மோசமாகும், பூஞ்சை இருந்தால் மறைந்து நின்று பரவும். டாக்டர் சீட்டு இல்லாமல் அதை வாங்காதீர்கள்.

கோவைக்குளிர்:

அக்கா (வடக்குவீதி), கண்ணாடி பற்றிய பயம் பாதி போய்விட்டது. பஞ்சு இழுத்துப் பார்ப்பது நல்ல யோசனை. பழைய பொருளைக் குப்பையில் போட்டாயிற்று, கணவர் மூன்று பாலிதீன் பையில் சுற்றிப் போட்டார், குப்பை எடுக்க வருகிற அம்மா பிரித்துப் பார்த்தால் என்ன ஆவது என்று.

மருந்துக்கடை அண்ணா, நீங்கள் சொன்ன மாதிரி ஒரு ட்யூப் வீட்டில் இருக்கிறது. இனி தொடவில்லை.

அப்படியென்றால் சிலிகானோ கண்ணாடியோ வாங்கிவிட்டால் பிரச்சினை முடிந்ததுதானே?

தோலும்நானும்:

முடியாது, அதைச் சொல்லத்தான் வந்தேன். நான் தோல் மருத்துவர், அரசு மருத்துவமனையில் வேலை. இங்கே எழுதுவது பொதுவான தகவல், நேரில் பார்ப்பதற்கு மாற்று அல்ல.

உங்கள் முதல் பதிவைத் திரும்பப் படியுங்கள். அந்தத் தோலில் பட்டது டாய் மட்டுமல்ல. ஸ்ட்ராபெரி வாசனை ஜெல், இன்டிமேட் வாஷ், வெட் வைப்ஸ், கழுவிய பொருளில் தங்கியிருக்கக்கூடிய கிருமிநாசினி. ஐந்து பேர் சந்தேகத்தில் நிற்கிறார்கள், நீங்கள் ஒருவரை மட்டும் குப்பையில் போட்டிருக்கிறீர்கள். எங்களிடம் வருகிறவர்களில் பல பேர் விலை உயர்ந்த சிலிகான் பொருள் வாங்கி, பழைய ஜெல்லையும் பழைய வாஷையும் அப்படியே தொடர்ந்து, "டாக்டர், சிலிகானும் எனக்கு அலர்ஜி" என்று வருவார்கள். உண்மையில் சிலிகானுக்கு ஒவ்வாமை என்பது மிக அபூர்வம்.

எரிச்சலும் ஒவ்வாமையும் வேறு வேறு. ஒரு பொருள் தோலின் மேல் தடுப்பை நேரடியாகப் பதம் பார்த்தால் அது எரிச்சல். பெரும்பாலும் உடனே, அல்லது சில மணி நேரத்தில் காந்தும், எரியும். யாருக்கு வேண்டுமானாலும் வரும், கரப்பான் உள்ளவர்களுக்குத் தடுப்பு ஏற்கெனவே பலவீனம் என்பதால் சீக்கிரம் வரும். தொடர்பு ஒவ்வாமை என்பது உடல் அந்தப் பொருளை நினைவில் வைத்திருந்து காட்டும் எதிர்ப்பு. அது தாமதமாக, ஒரு நாள் இரண்டு நாள் கழித்து, எரிச்சலைவிட அரிப்பாக வரும், மிகக் கொஞ்சமாகப் பட்டாலும் திரும்ப வரும். உங்களுக்கு அப்போதே காந்தியது என்கிறீர்கள், மறுநாளும் சிவந்தது என்கிறீர்கள். இரண்டும் சேர்ந்திருக்க வாய்ப்புண்டு.

என் சந்தேகப் பட்டியலில் முதலில் நிற்பது வாசனை. ஸ்ட்ராபெரி, ரோஜா, 'ஃப்ரெஷ்', எதுவானாலும். அடுத்தது வெட் வைப்ஸ், அதில் கெடாமல் இருக்கச் சேர்க்கும் மெத்தில் ஐசோதயசோலினோன் என்ற பொருளுக்குப் பலருக்கு ஒவ்வாமை வந்து, கழுவாமல் விடும் அழகுசாதனப் பொருட்களில் ஐரோப்பாவில் அதைத் தடையே செய்துவிட்டார்கள். எல்லா வைப்ஸிலும் அது இருக்காது, பின்பக்கம் படித்துப் பாருங்கள். 'வார்மிங்', 'கூலிங்' என்று போட்ட ஜெல்களில் மென்தால் போன்றவை இருக்கும், அவை வேலை செய்வதே லேசாக எரியவைத்துத்தான். ஆன்டிசெப்டிக் திரவத்தை அந்தரங்க இடத்தில் ஊற்றும் பழக்கம் நம் ஊரில் நிறையப் பேருக்கு இருக்கிறது, தயவுசெய்து வேண்டாம். இன்டிமேட் வாஷ் என்பதே பெரும்பாலோருக்குத் தேவையில்லாத பொருள். யோனி தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும், வெளிப்பக்கத்துக்குச் சாதாரணத் தண்ணீர் போதும்.

ஜெல் தேர்வு பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் டாய் வாங்குவதைவிட இதில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். தண்ணீர் அடிப்படையிலான ஜெல்களில் வழுவழுப்புக்காகக் கிளிசரின், புரோப்பிலீன் கிளைகால் சேர்ப்பார்கள். அளவு கூடினால் அந்த ஜெல் உடலின் திரவத்தைவிடப் பல மடங்கு அடர்த்தியாகி, உள்சவ்வின் செல்களிலிருந்து தண்ணீரை உறிஞ்சும். செல்கள் சுருங்கி உரியும், அப்புறம் எரிச்சல், தொற்று எல்லாவற்றுக்கும் வழி திறந்துவிடும். உலக சுகாதார நிறுவனம் 2012இல் இதற்கென்று ஒரு அறிவுரை வெளியிட்டது. இந்த அடர்த்தி (ஆஸ்மொலாலிட்டி என்பார்கள், கிலோவுக்கு இத்தனை மில்லிஆஸ்மோல் என்று கணக்கு) 380க்குள் இருப்பது உத்தமம், 1200ஐத் தாண்டவே கூடாது, யோனிக்கான ஜெல்லின் பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் எண்) சுமார் 4.5 இருக்கட்டும் என்றது. கடையில் விற்கும் பல ஜெல்கள் அந்த 1200ஐ எளிதாகத் தாண்டுபவை. நம் ஊர் பாட்டிலில் இந்த எண்ணை அச்சிட மாட்டார்கள். அதனால் பொருட்பட்டியலைப் பாருங்கள். முதல் இரண்டு மூன்று பெயர்களுக்குள் கிளிசரினோ புரோப்பிலீன் கிளைகாலோ இருந்தால் வைத்துவிடுங்கள். வாசனை, சுவை, நிறம் எதுவும் வேண்டாம். தண்ணீருக்கு அடுத்ததாக ஹைட்ராக்ஸிஎத்தில் செல்லுலோஸ் இருக்கும் வகைகள் பொதுவாகச் சாது.

சிலிகான் அடிப்படையிலான ஜெல்லும் உண்டு. அதில் தண்ணீர் இல்லாததால் இந்த அடர்த்திப் பிரச்சினையும் இல்லை, கெடாமல் இருக்க மருந்து சேர்க்கும் தேவையும் குறைவு, மென்மையான தோலுக்கு நல்ல தேர்வுதான். ஆனால் சிலிகான் டாயோடு சேர்ந்தால் சில சமயம் டாயின் மேற்பரப்பு பிசுக்கேறிக் கெடும். கண்ணாடி, ஏபிஎஸ் என்றால் கவலையில்லை.

இப்போது என்ன செய்வது? தோல் முழுக்க ஆறும் வரை எல்லாவற்றையும் நிறுத்துங்கள், வாஷ், வைப்ஸ் உட்பட. தண்ணீரில் கழுவி, ஒற்றி எடுத்து, வாசனை இல்லாத வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லி மெல்லிசாகத் தடவினால் போதும். ஆறிய பிறகு புது ஜெல்லை முழங்கையின் உள்பக்கம், ஒரு ரூபாய் நாணய அளவு இடத்தில், காலையும் மாலையும் ஒரு வாரம் தடவிப் பாருங்கள். ஒன்றும் வரவில்லை என்றால் கீழே வெளிப்பக்கம் ஒரு சின்ன இடத்தில். அதிலும் தொந்தரவு இல்லை என்றால்தான் டாய். ஒரு சமயத்தில் ஒரே ஒரு புதுப்பொருள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் திரும்ப எரியும்போது எது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

டாக்டரிடம் என்ன சொல்வது என்று கேட்டீர்கள். "பிறப்புறுப்புத் தோலில் தொடர்பு ஒவ்வாமை இருக்குமோ என்று சந்தேகம், பேட்ச் டெஸ்ட் செய்ய முடியுமா" என்று தொடங்கினால் போதும், மிச்சத்தை அவர் கேட்பார். உபயோகித்த எல்லாவற்றின் பின்பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். பேட்ச் டெஸ்டில் சின்னச் சின்ன மருந்துப் பட்டைகளை முதுகில் ஒட்டி இரண்டு நாள் விடுவார்கள், எடுத்துப் பார்த்துவிட்டு, இன்னும் ஓரிரு நாள் கழித்து மறுபடி பார்ப்பார்கள். அந்த நாட்களில் முதுகில் தண்ணீர் படக்கூடாது, அதனால் சித்திரை வெயிலில் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

தயிர் திரிந்தாற்போல் வெள்ளைப்படுதல், மீன் வாடை, கொப்புளம், புண், காய்ச்சல், அடிவயிற்று வலி, இவற்றில் எது இருந்தாலும் வெறும் ஒவ்வாமைக் கணக்கில் சேர்த்துவிடாமல் உடனே டாக்டரைப் பாருங்கள். வெள்ளை வெள்ளையாகத் தோல் மெலிந்து நிறம் மாறி நாள்பட்ட அரிப்பு இருந்தாலும் அப்படியே.

ஊர்க்குருவி:

டாக்டர், இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு நன்றி. சட்டம் பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் சுருக்கமாக. இந்தியாவில் இதை வாங்குவதோ வைத்திருப்பதோ குற்றம் என்று தனியாக ஒரு சட்டம் கிடையாது, ஆபாசப் பொருள் விற்பனைச் சட்டத்தைக் காட்டித்தான் கெடுபிடி. அதனால்தான் எல்லாரும் 'மசாஜர்' என்று விற்கிறார்கள். சுங்கத்துறை பிடித்துவைத்த பாடி மசாஜர் வழக்கில், வேறு விதமாக உபயோகிக்க முடியும் என்பதற்காகவே அவற்றைத் தடைசெய்த பொருள் என்று சொல்ல முடியாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2024இல் சொல்லிவிட்டது. வெளிநாட்டிலிருந்து தனியாக வரவழைத்தால் பார்சல் மாட்டிக்கொள்ள இன்னும் வாய்ப்பிருக்கிறது. உள்நாட்டிலேயே, மெட்டீரியல் என்ன என்று மெயிலில் கேட்டால் எழுத்தில் பதில் சொல்லும் கடையாகப் பார்த்து வாங்குங்கள். 'மெடிக்கல் கிரேடு' என்று யார் வேண்டுமானாலும் அச்சிடலாம்.

மாடித்தோட்டம்:

பேத்தி தூங்கிவிட்டாள். எனக்கு 56. மாதவிடாய் நின்ற பிறகு அந்த இடத்துத் தோல் மெலிந்து வறண்டுபோகும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, எங்கள் வயதில் இதைப் பேசவே மாட்டோம். உட்கார்ந்தால்கூடக் காந்தும் நாட்கள் உண்டு. லேடி டாக்டர் உள்ளே வைக்கும் ஈஸ்ட்ரோஜன் க்ரீம் எழுதிக்கொடுத்த பிறகுதான் மனுஷியானேன். இதைப் படிக்கும் என் வயதுக்காரிகளுக்காகச் சொல்கிறேன், அந்த வறட்சிக்கு எந்த டாயும் எந்த ஜெல்லும் முழு மருந்தில்லை, முதலில் அதைப் பாருங்கள். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் க்ரீம் விஷயத்தில் டாக்டரிடம் அதைக் கட்டாயம் சொல்லிவிடுங்கள்.

கோவைக்குளிர் கண்ணு, மெட்டீரியல் எல்லாம் சொல்லிவிட்டார்கள், நான் வடிவத்தைச் சொல்கிறேன். கட்டி பிளாஸ்டிக்கில் மலிவான பொருள் என்றால் இரண்டு பாதியை ஒட்டிய இணைப்பு நடுவே ஓடும், நகத்தால் தடவினால் தட்டுப்படும். மென்மையான தோலில் அது உரசி உரசியே சிவக்க வைக்கும். இணைப்பே தெரியாமல் வார்த்ததாக இருக்கட்டும். வரி, முள், புடைப்பு என்று அலங்காரம் எதுவும் வேண்டாம். கூரான முனை வேண்டாம், கட்டைவிரல் அகலத்துக்குக் குறையாத மழுங்கிய முனை. அதிர்வு ஒரேயடியாகத் தொடங்காமல் படிப்படியாக ஏறுவதாக இருக்க வேண்டும், உள்ளதிலேயே குறைந்த படி உண்மையிலேயே குறைவா என்று வாங்கியவர்கள் எழுதியதைப் படித்துப் பார். ஆரம்பத்தில் மெல்லிய பருத்தித் துணிக்கு மேலேயே வைத்துப் பார்க்கலாம், நேராகத் தோலில் படவே வேண்டாம். அப்போதும் பாதி வேலை நடக்கும், எரிச்சல் மட்டும் வராது. அழுத்திப் பிடிக்காதே, ஒரே இடத்தில் நெடுநேரம் வைக்காதே, மரத்துப்போன பிறகு தோல் உரசுவது தெரியாது.

சத்தம் எப்படி என்றும் பார்த்துக்கொள். கூட்டுக் குடும்பத்தில் மாமியார் "மிக்ஸியை யாரு போட்டா" என்று கேட்டால் என்ன பதில் சொல்வாய்.

கோவைக்குளிர்:

அம்மா, சிரித்து முடியவில்லை. மாமியார் அடுத்த அறைதான்.

கழுவுவது பற்றி மட்டும் யாராவது சொல்லுங்கள். கிருமிநாசினி வேண்டாம் என்றால் வெறும் தண்ணீர் போதுமா?

வடக்குவீதி:

மணம் இல்லாத மிதமான சவர்க்காரமும் இளஞ்சூட்டுத் தண்ணீரும் போதும். சவர்க்காரம் முழுதாகப் போகும்வரை அலசுவதுதான் முக்கியம், கழுவுவதைவிட அலசுவதற்கு இரண்டு மடங்கு நேரம் எடுங்கள். மோட்டார் இல்லாத முழுச் சிலிகான் என்றால் இடைக்கிடை ஐந்து நிமிடம் கொதிக்க வைக்கலாம், அதற்கென்று ஒரு பழைய பாத்திரம் வைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் இருந்தால் கொதிக்க வைக்கவே கூடாது. கண்ணாடியைக் கொதிதண்ணீரில் இருந்து எடுத்த கையோடு குளிர்தண்ணீரில் போடாதீர்கள். நன்றாகக் காற்றில் காயவிட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனிப் பருத்திப் பையில் வையுங்கள், பிளாஸ்டிக் பையில் ஈரத்தோடு மூடி வைக்க வேண்டாம். பையைத் துவைக்கும்போது மணம் போடுகிற கம்ஃபர்ட்டர் ஊற்றிவிடாதீர்கள், நீங்கள் பார்த்துப் பார்த்துத் தவிர்த்த வாசனை அந்த வழியாக வந்துவிடும்.

கோவைக்குளிர்:

கொஞ்ச நாள் கழித்து வருகிறேன், கேட்டவர்களுக்குத் தகவல் சொல்ல. தோல் டாக்டரிடம் போனோம். இங்கே தோலும்நானும் டாக்டர் சொல்லிக்கொடுத்த வாக்கியத்தை அப்படியே சொன்னேன், அந்த டாக்டரம்மா முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை, பாட்டில் படம் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்டார். பேட்ச் டெஸ்டில் நிக்கலும் வாசனைக் கலவையும் நன்றாகச் சிவந்தன. பாக்கி எல்லாம் சுத்தம். பிவிசிக்குத் தனியாக எதுவும் சொல்லவில்லை, அது எரிச்சலாகத்தான் இருந்திருக்கும் என்றார். வாஷ், வைப்ஸ் இரண்டும் வீட்டை விட்டுப் போயிற்று, பேட் ஓரத் தடிப்பும் கூடவே குறைந்திருக்கிறது, அந்த பேட்டிலும் வாசனை போட்டிருந்தார்கள். ஜெல் முழங்கையில் தடவி வாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. வாங்கப்போவது முனை மழுங்கிய சிலிகான், இணைப்பு இல்லாதது.

டாக்டர், ஒன்றே ஒன்று. என் கணவருக்கு ஆணுறை போட்ட சில நிமிடத்திலேயே அரிக்கிறது என்று இப்போதுதான் சொல்கிறார், இத்தனை நாள் சொல்லவில்லை. பலூன் ஊதினாலும் உதடு தடிக்குமாம். டாய் மேல் ஆணுறை போடலாமா?

தோலும்நானும்:

சில நிமிடத்தில் அரிப்பு, பலூனுக்கு உதடு தடிப்பது, இரண்டும் சேர்ந்தால் லேடெக்ஸ் ஒவ்வாமை என்றே முதலில் நினைக்க வேண்டும். அது உங்களுடைய வகை அல்ல, உடனடியாக வரும் வகை, சிலருக்கு மூச்சுத்திணறல் வரை போகும். வாழைப்பழம், பப்பாளி, அவகாடோ, கிவி சாப்பிட்டால் வாய் அரிக்கிறதா என்று அவரிடம் கேளுங்கள், லேடெக்ஸ் ஒவ்வாமை உள்ளவர்களில் பலருக்கு இவையும் ஒத்துக்கொள்ளாது. இதற்குப் பேட்ச் டெஸ்ட் இல்லை, ரத்தப் பரிசோதனை அல்லது தோலில் குத்திப் பார்க்கும் பரிசோதனை. அதுவரை லேடெக்ஸ் ஆணுறை வேண்டாம், பாலியூரித்தேன் அல்லது பாலிஐசோப்ரீன் என்று போட்டதை வாங்குங்கள். பாலியூரித்தேன் எண்ணெயைத் தாங்கும், பாலிஐசோப்ரீன் தாங்காது. சிலிகான் டாய்க்கு மேலே ஆணுறை தேவையே இல்லை, கழுவினால் போதும். பல் டாக்டரிடமோ ஆபரேஷனுக்கோ போகும்போது ரப்பர் கையுறை ஆகாது என்று அவர் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், சீட்டிலும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.